குருதி ஏற்றுவது எப்போது?

கடந்த வருடம் எனது உம்மும்மா கடும் களைப்பினால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 7.8 கிராம் என அறிக்கை வந்தது. கர்ப்பிணியல்லாத வயதுவந்த பெண்ணுக்கு 12 இலும் குறைந்தாலே குருதிச்சோகை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுகோல். வீடே பதறியது. “எங்கட ரத்தத்த எடுத்தாவது ஏத்துங்க டொக்டர்” என்று மாமா மன்றாடினார். “இப்ப தேவையில்ல” என்றார் வைத்தியர். அவர் கைவிரித்துவிட்டார் என்றே நாம் எண்ணினோம். அவர் ஏன் அப்படிச் சொன்னார் எனத் தேடியபோது நான் அறிந்தவற்றையே இங்கு பகிர்கிறேன்.

செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபின்தான் சுவாசப்பையிலிருந்து ஒட்சிசனை இழையங்களுக்குக் காவிச் செல்கிறது. அது மெல்ல மெல்லக் குறையும்போது உடல் வாளாவிருப்பதில்லை. இதயம் கூடுதலான குருதியை வெளியேற்றுகிறது. ஈமோகுளோபினும் ஒட்சிசனை இழையங்களுக்கு இலகுவாக விட்டுக்கொடுக்கிறது. ஆகவே குருதிச்சோகையுள்ள எல்லோருக்கும் குருதி ஏற்ற வேண்டியதில்லை.

அவ்வாறாயின் எல்லை எது? 1942 இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த அடம்ஸ், லண்டி ஆகிய வைத்தியர்கள், ஈமோகுளோபின் 8 முதல் 10 கிராமிலும் குறைந்தால் சத்திரசிகிச்சைக்கு முன் குருதி ஏற்றுவது நல்லது என்றனர். காலப்போக்கில் ‘10’ என்பதே வழக்கமாயிற்று. 1999 இல் வெளியான கனடிய ஆய்வொன்று அதனைச் சோதித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளர் 838 பேர் இரு குழுக்களாக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு 10 இலும் குறைந்தபோது குருதி ஏற்றப்பட்டது. மற்றக் குழுவினருக்கு 7 இலும் குறைந்தபோதே ஏற்றப்பட்டது. 30 நாட்களுக்குள் இறந்தோர் முதற்குழுவில் 23.3 சதவீதம், இரண்டாம் குழுவில் 18.7 சதவீதம். இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். எனினும், குறைவாக ஏற்றியதால் தீங்கு நேரவில்லை என்பது தெளிவாயிற்று.

குருதி ஏற்றுவதிலும் ஆபத்துகள் உண்டு. காய்ச்சலும் ஒவ்வாமையும் ஏற்படலாம். முதியோரின் இதயம் மேலதிகத் திரவத்தைத் தாங்காது போனால் சுவாசப்பையில் நீர் தேங்கும்.

இன்றைய வழிகாட்டல்களின்படி, நிலைமை சீராகவுள்ள வயதுவந்த நோயாளருக்கு 7 கிராமே எல்லை. இதய சத்திரசிகிச்சைக்கு 7.5; எலும்பு சத்திரசிகிச்சைக்கும் ஏற்கனவே இதய நோயுள்ளோருக்கும் 8. மாரடைப்பு ஏற்பட்டோருக்கு இதனிலும் உயர்ந்த அளவு நன்மை தரலாம் என 2023 இல் வெளியான ஓர் ஆய்வு சுட்டுகிறது.

ஆனால் இலக்கம் மட்டும் போதாது. திடீரெனப் பெருமளவு குருதி வெளியேறும்போது செங்குழியங்களும் திரவவிழையமும் சேர்ந்தே வெளியேறுவதால், தொடக்கத்தில் ஈமோகுளோபின் அளவு குறையாதது போலவே காட்டும். அந்த இலக்கத்தை நம்பிக் காத்திருந்தால் உயிரே போய்விடும். நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சுத்திணறல், எழும்போது மயக்கம், குருதியமுக்க வீழ்ச்சி ஆகியவற்றையும் வைத்தியர் கவனிப்பது இதனாலேயே. நிலைமை சீராக இருப்பவருக்கு ஒரு பை ஏற்றி, மீண்டும் பரிசோதித்த பின்னரே அடுத்ததைத் தீர்மானிப்பர். குருதிப்போக்கு இல்லாதவருக்கு ஒரு பை ஏறத்தாழ 1 கிராமை உயர்த்தும்.

அன்று வைத்தியர் உம்மும்மாவிடம் கேட்ட கேள்விகளின் அர்த்தம் இப்போது புரிகிறது. அவருக்கு நெஞ்சுவலியோ, இதய நோயோ, பெருங்குருதிப்போக்கோ இருக்கவில்லை. மூட்டுவலிக்காக நெடுநாள் விழுங்கிய மாத்திரைகளால் இரைப்பையில் புண் உண்டாகி, சிறிது சிறிதாகக் குருதி கசிந்திருந்தது. குருதி ஏற்றியிருந்தால் இலக்கம் உயர்ந்திருக்கும். புண் அப்படியே இருந்திருக்கும். அதற்கான மருந்தும் இரும்புச்சத்தும் அவரை எழுந்து நடமாட வைத்தன, அல்ஹம்துலில்லாஹ்.

முகமறியாத ஒருவர் பணம் பெறாது தந்த குருதி ஓர் அமானிதம். தேவைப்படும்போது தாமதிப்பது தவறு. தேவையற்றபோது செலவிடுவது வீண்விரயம். அன்று மாமா கொடுக்கத் துடித்த குருதியும் வீண்போகவில்லை. பள்ளிவாசலில் நடந்த இரத்ததான முகாமில் அவர் அதனைக் கொடுத்துவிட்டு வந்தார்.

மாணவி, க.பொ.த. உயர்தரம்
உயிரியல் விஞ்ஞானப் பிரிவு