சிறிய உழவு இயந்திரமும் மேலதிகப் பரிவலுவும்

கமக்காரர்களே! ஒரே அளவான சிறிய உழவு இயந்திரம் 35, 45 பரிவலு என இரு விலைகளில் விற்கப்படுமிடத்து, கூடியதே சிறந்ததென்று கருதிக் கடன்படுதல் தகாது. முதலில், அத்தகைய இயந்திரமொன்றை வாடகைக்கு அமர்த்தி, படுவான்கரை வயற்சேற்றில் உழச்செய்து கவனிக்குக.

1. பொறியின் வேகம் குறையாது, சில்லுகள் மாத்திரம் வழுக்கிச் சுழலுமாயின், குறை பிடிப்பிலேயே உளது. இரும்புக் கூட்டுச் சில்லுகளைப் பூட்டுக. மேலதிகப் பரிவலு பயன்தராது.

2. சில்லுகள் நிலத்தைப் பற்றிநிற்க, சுழற்கலப்பையை இழுக்கும் பொறி திணறிக் கரும்புகை கக்குமாயின், காற்று வடிகட்டியைத் துப்புரவாக்கி, உழவாழத்தையும் குறைத்துப் பார்க்குக. பின்னரும் திணறின் கூடிய வலு வேண்டும்.

3. வலுவோடு நிறையும் கூடின், இயந்திரம் சேற்றிற் புதையும். நீரைத் தாங்கும் அடிக் கடினப்படையும் உடையும்.

எழுவான்கரை மணற்பாங்கான மரக்கறித் தோட்டங்களுக்கு இருசக்கர உழவு இயந்திரமே பெரும்பாலும் போதும்.

மேலதிக விலையையும் வட்டியையும், இயந்திரம் உழைக்கும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டுக் கணிக்குக. பெரும்போகத்திற் பிறர் வயலையும் கூலிக்கு உழுவோர், மிச்சமாகும் நாட்களால் அத்தொகையை மீட்கலாம். தமது சில ஏக்கரை மாத்திரம் உழுவோர்க்கு அது மீளுதல் அரிது.