சுடரும் ப்ரபையும்

ப்ரஹ்மோத்ஸவத்தில் எம்பெருமான் ஸூர்யப்ரபையிலும் சந்த்ரப்ரபையிலும் எழுந்தருளுவதை அன்பர்கள் ஸேவித்திருப்பர். வாஹனத்திற்கு ஸூர்யன் என்று மட்டும் பெயரிடாது ‘ப்ரபை’ என்றும் சேர்த்தது நோக்கத்தக்கது.

தமிழில் ஞாயிற்றின் ஒளி வெயில்; திங்களின் ஒளி நிலவு. கீதையின் பதினைந்தாம் அத்யாயத்திலோ கண்ணன், ஸூர்யன், சந்த்ரன், அக்னி மூன்றிலும் உள்ளதைத் ‘தேஜஸ்’ என்னும் ஒரே சொல்லாற் கூறி, அது தன்னுடையதென்றான். சுடர் என்பது எரியும் கொழுந்து, ஓரிடத்தே நிற்பது. ப்ரபை அதனின்றும் பிரியாமலே அறை முழுதும் பரவுவது.

இவ்வேற்றுமையை ஸ்ரீபாஷ்யகாரர் எடுத்தாண்டார். ஜீவன் அணுவே, அவனது ஞானமோ விளக்கின் ப்ரபை போல் வெளியே வ்யாபிக்கும் என்பது அவர் ஸித்தாந்தம். கர்மத்தால் அந்த ஞானம் சுருங்கும். குடத்துள் வைத்த விளக்கைக் காண்க. வெளியே இருள், உள்ளே சுடர் குறைந்ததில்லை.

முதுமையால் மறதியுற்ற தாய் தந்தையரை, ‘அவர்களுக்கு என்ன தெரியும்?’ என்று வீட்டில் விட்டுவிட்டு உத்ஸவத்திற்கு வருவோர் உளர். பெருமாளை ஸேவித்தும் அவர்கள் அறியார் என்பது அன்னோர் எண்ணம். அம்முதியோரிடத்துச் சுருங்கியது ப்ரபையே; ஆத்மா குறைவுற்றதன்று. அவர்களையும் கைப்பிடித்து அழைத்து வரலாம். சந்த்ரப்ரபை இரவிற் புறப்படுவதாகையால் வெயிலும் அவர்களை வருத்தாது.