வரம்பும் கடைமடையும்

ஏரி நிறைந்த ஆண்டிலும் நீருக்கு முறையுண்டு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஏரிப் பாசனத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று. தலைமடை வயல் மிதமிஞ்சிப் பருகின் கடைமடை காயும். இந்நியாயம் கணிப்பொறியினுள்ளும் நிலவுதலை ஈண்டுக் காண்போம்.

கணிப்பொறியின் இயங்குதளத்திற்கு நடுவாய் நின்று ஆள்வது கெர்னல் என்னும் உட்கரு. லினக்ஸ் உட்கருவினுள் வெளியார் எழுதிய சிறு நிரல்களை ஏற்றி இயக்கும் வழியொன்று உண்டு. அதன் பெயர் பி.பி.எஃப். வலைப்பின்னலில் வரும் செய்திப் பொதிகளை வடிகட்டும்பொருட்டு மெக்கேன், ஜேக்கப்சன் என்னும் இருவர் 1992-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இம்முறை விளக்கப்பெற்றது. அந்நிரல்களின் கட்டளைகளை ஒவ்வொன்றாய்ப் பொருள்விளக்கி இயக்கின் காலம் மிகும். ஆதலின், ஏற்றும்பொழுதே அவற்றைப் பொறிமொழியாக மாற்றிவிடும் உடன்தொகுப்பு முறை 2011-இல் லினக்ஸிற் புகுந்தது.

மாற்றிய பொறிமொழியை வைக்க இடம் வேண்டுமன்றோ? அவ்விடம் பெரும்பாலும் உட்கருவை அடுத்துள்ள குறுகிய முகவரிப் பரப்பாகும். சாதனங்களை இயக்கும் மாட்யூல்களும் அங்கேயே குடியிருக்கின்றன. பொறிக் கட்டளையொன்று தாவும் தொலைவு அளவுபட்டதாகலின், நினைவகம் எத்துணைப் பெரிதாயினும் அப்பரப்பை வேண்டியவாறு விரித்தல் இயலாது. ஒரு நிரற்கூட்டமே அதனை நிரப்பிவிடின் மாட்யூல்களுக்கு இடமில்லை.

எனவே 2018-இல் உடன்தொகுப்பிற்கென ஒரு பொதுவரம்பு வகுக்கப்பட்டது. எல்லோரும் கொள்ளும் இடமும் கணக்கிற் சேரும். ஆயின் வரம்பு கடந்தவிடத்து மறுக்கப்படுவோர் சிறப்புரிமை இல்லாதவரே. தலைமடையார் கொண்டது மிகுதியாயினும், மடை அடைபடுவது கடைமடையார்க்கே என்க.

இதன் விளைவு 2023-இல் வெளிப்பட்டது. கன்டெய்னர் எனப்படும் தனித்தனி நிரற்கூடுகள் பல, தம் காவலுக்காகச் சிறு வடிகட்டி நிரல்களை ஏற்றியே இயங்கத் தொடங்கும். வரம்பு நிறைந்தமையால் வடிகட்டிகளுக்கு இடம் கிடைக்கவில்லை. பொருள்விளக்கி இயக்கும் பழைய முறையோ அவ்வுட்கருக்களில் முன்னரே நீக்கப்பட்டிருந்தது. மாற்றுவழியின்றிக் கூடுகள் தொடங்காமலே நின்றன. அதன்பின், அப்பரப்பிற் காற்பங்காக இருந்த இயல்பு வரம்பு அரைப்பங்காக உயர்த்தப்பட்டது.

வரம்பை உயர்த்துதல் ஒரு வழி. சிக்கனம் மற்றொரு வழி. முன்னர்ச் சிறு நிரலொன்றும் 4096 பைட் கொண்ட பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். 2022 முதல் பல நிரல்கள் ஒரே பெரும்பக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வந்துளது.

வரம்பில்லாத பொதுவுடைமை வலியோர்க்கே உரித்தாகும். ஆயினும் வரம்பிட்டமை மட்டும் நீதியாகாது. கடைமடை வரை நடந்து பார்த்து அளவிட்ட வரம்பே நீதியாம்.