அப்பாவோட பி.எஃப். யாருக்கு?

ரெண்டாம் வருஷ ஃபீஸ் கட்டுற நேரம். அப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வந்து போனை என் கையில கொடுத்தார். "கண்ணு, இந்த பி.எஃப். க்ளெய்மை போட்டுவிடு. ஓ.டி.பி. வந்தா பார்த்துக்கோ."

அப்பா கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியில டர்னர். நான் உமங் ஆப்பைத் திறந்து, காரணம்னு கேட்ட இடத்துல 'பிள்ளைகளின் உயர்கல்வி'ன்னு தேர்வு செஞ்சு, ஒரு லட்சம்னு அடிச்சேன். பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சது. முதல் வருஷமும் இதே மாதிரிதான் ஒரு லட்சம் எடுத்திருந்தோம். அப்புறம் சும்மா பாஸ்புக்கைத் திறந்து பார்த்தேன். அப்பா 20 வருஷத்துக்கு மேல சேர்த்த தொகை. என் நாலு வருஷப் படிப்பு அதுல பாதிக்கு மேல சாப்பிட்டுடும்.

இஞ்சினியரிங் படிக்கிறோம். மேத்ஸ்-3 வரைக்கும் பாஸ் பண்ணியாச்சு. ஆனா வீட்டுக் கணக்கை ஒரு தடவை கூட போட்டுப் பார்த்ததில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்க சேர்ந்து போடப் போறோம்.

கணக்கு 1: எடுத்த ஒரு லட்சம் உண்மையில எவ்வளவு?

பி.எஃப்.புக்கு 2024-25ல வட்டி 8.25 சதவீதம். கணக்கு சுலபமா இருக்க 8னு வச்சுக்குவோம். 72-ஐ வட்டி விகிதத்தால வகுத்தா, பணம் இரட்டிப்பாக எத்தனை வருஷம்னு தோராயமா வந்துடும். 72 / 8 = 9 வருஷம்.

நான் காலேஜ் சேர்ந்தப்ப அப்பாவுக்கு 49. ஓய்வு 58ல. அதாவது சரியா 9 வருஷம். அப்போ முதல் வருஷம் எடுத்த ஒரு லட்சம், எடுக்காம இருந்திருந்தா 58ல 2 லட்சம். ரெண்டாம் வருஷம் எடுத்தது சுமார் 1.85 லட்சம். ரெண்டும் சேர்த்து 3.85 லட்சம். நான் கட்டினது 2 லட்சம் ஃபீஸ். அப்பா இழந்தது கிட்டத்தட்ட 4 லட்சம்.

கணக்கு 2: பென்ஷன் வருமே?

அப்பாவும் இதைத்தான் சொன்னார். கம்பெனி போடுற 12 சதவீதத்துல 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகுது. ஆனா அதுக்கு சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் மாசம் 1,250தான் அங்க போகும். பென்ஷன் சூத்திரம்: சம்பளம் × சர்வீஸ் வருஷம் / 70.

15,000 × 30 / 70 = சுமார் 6,430 ரூபாய்.

மாசத்துக்கு! முப்பது வருஷம் லேத்துல நின்ன மனுஷனுக்கு. இந்த நம்பரைச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைச்சிட்டு வந்து உட்கார்ந்தாங்க.

கணக்கு 3: மீதி ரெண்டு வருஷத்துக்கு லோன் எடுத்தா?

10 சதவீத வட்டின்னு வைப்போம். மூணாம் வருஷம் ஒரு லட்சம், நாலாம் வருஷம் ஒரு லட்சம். படிப்பு முடிஞ்சு பொதுவா ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். இந்தக் காலத்துக்குத் தனி வட்டி: முதல் லட்சத்துக்கு 3 வருஷம் 30,000, அடுத்ததுக்கு 2 வருஷம் 20,000. ஆக 2.5 லட்சம். அதை 5 வருஷத்துல கட்டினா மாசம் சுமார் 5,310. மொத்தம் சுமார் 3.19 லட்சம்.

இதுக்குப் பதிலா பி.எஃப்.லயே எடுத்தா? அப்பாவுக்கு 51லயும் 52லயும் எடுக்குற ரெண்டு லட்சம், 58ல சுமார் 3.3 லட்சம் ஆகியிருக்க வேண்டிய பணம்.

ரெண்டும் ஏறக்குறைய ஒரே தொகைதான். அதனால "லோன் லாபம்"னு நான் சொல்ல வரல. வட்டி விகிதத்தை மட்டும் பார்த்தா லோன்தான் காஸ்ட்லி. வித்தியாசம் எங்கன்னா, யார் கையிலிருந்து, எந்த வயசுல போகுதுங்கிறதுல. எனக்கு 22 வயசுக்கு மேல சம்பாதிக்க 35 வருஷம் இருக்கு. அப்பாவுக்கு 58க்கு அப்புறம் சம்பளம் இல்ல. படிக்க பேங்க் கடன் கொடுக்கும். ரிட்டயர் ஆனவர் மருந்து வாங்கி, அரிசி வாங்கி வாழ எந்த பேங்கும் கல்விக் கடன் மாதிரி ஒண்ணு கொடுக்காது.

ஆனா லோன்ல இருக்குற சிக்கல்

அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரரா கையெழுத்துப் போடணும். நாம கட்டலைன்னா அவங்க சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். வேலை லேட்டா கிடைச்சாலும் தவணை தொடங்கிடும். அதனால தேவைக்கு மேல ஒரு ரூபாய் கூட எடுக்காதீங்க. முடிஞ்சா படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிடுங்க. எங்க கணக்குல அது இந்த வருஷம் மாசம் 833, அடுத்த வருஷம் 1,667. தவணை தொடங்குற வரைக்கும் அப்படியே வட்டியைக் கட்டிட்டா பின்னாடி தவணை 4,250 ஆக இறங்கும்.

நீங்க செய்ய வேண்டியது

1. முதல்ல இலவசமா வர்றதைத் தேடுங்க. முதல் பட்டதாரி சலுகை, அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன். இதெல்லாம் போக மீதிக்குத்தான் லோன்.

2. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசு ஏத்துக்குற திட்டம் இருக்கு. காலேஜ் அங்கீகாரம் மாதிரி நிபந்தனைகள் உண்டு, பேங்க்ல கேளுங்க. எங்க வருமானம் கொஞ்சம் தாண்டிடுச்சு.

3. 4 லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்குப் பொதுவா அடமானம் தேவையில்ல. "இடத்துப் பத்திரம் கொண்டு வா"ன்னு சொன்னா, காரணத்தை எழுத்துல கேளுங்க. எங்களை ஒரு பேங்க்ல நாலு தடவை நடக்க விட்டாங்க. அடுத்த பேங்க்ல வேலை நடந்தது.

4. தம்பி தங்கச்சிக்கு இப்பவே தொடங்குங்க. செல்வமகள் திட்டத்துல பத்து வயசுக்குள்ளதான் கணக்கு தொடங்க முடியும். என் தங்கச்சிக்கு 13. அந்தக் கதவு மூடியாச்சு. அதனால போஸ்ட் ஆபீஸ்ல மாசம் 3,000 ஆர்.டி. போடுறோம். நாலு வருஷத்துல முதல் மட்டும் 1.44 லட்சம்.

5. உங்களுக்கு வேலை கிடைச்ச பிறகு, கம்பெனி மாறும்போது பி.எஃப்.பை எடுத்துச் செலவு பண்ணாதீங்க. அதே யூ.ஏ.என்.னுக்கு மாத்திக்கோங்க. இல்லைன்னா இதே கட்டுரையை உங்க பிள்ளை எழுத வேண்டி வரும்.

இந்த வருஷம் லோன் பேப்பர்ல கையெழுத்துப் போடும்போது அப்பா தயங்கினார். "என் காசு உனக்கு இல்லாம யாருக்கு கண்ணு? பையன் தலையில கடனை வைக்கணுமா?" "அப்பா, நீங்க ரிட்டயர் ஆனப்புறம் மாசாமாசம் என்கிட்ட வந்து கேட்பீங்களா?"ன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "கேக்க மாட்டேன்"னார். அவர் கேக்க மாட்டார்னு எனக்கும் தெரியும். அதனாலதான் அந்தப் பணம் அங்கேயே இருக்கணும்.

இன்னைக்கு நைட் வீட்டுக்கு போன் பண்ணும்போது, சாப்பிட்டாச்சான்னு கேட்ட பிறகு இன்னொண்ணும் கேளுங்க: "என் ஃபீஸை எங்கிருந்து கட்டுறீங்க?"

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை