பிணந்தின்னிக் கழுகும் மாட்டு மருந்தும்

பிணந்தின்னிக் கழுகு என்றாலே அபசகுனம் என்று முகஞ்சுளிப்போர் பலர். விலங்கியல் பயிலும் நான் அதற்காகப் பரிந்து பேச வந்திருக்கிறேன்.

செத்த மாட்டை எலும்பு மட்டும் எஞ்சத் தின்று, ஊரைத் தூய்மை செய்த பறவை அது. 1990-களின் பிற்பகுதியில் இராஜஸ்தானத்துப் பரத்பூரில் இக்கழுகுகள் வேகமாகக் குறைந்து வருவதை ஆராய்ச்சியாளர் கண்டனர். காரணம் யாது? தொற்றுநோய் என்றே முதலில் ஐயுற்றனர். பாகிஸ்தானிலும் இதே சாவு. அங்கு நடந்த ஆராய்ச்சி 2004-இல் உண்மையை வெளியிட்டது. மாட்டின் வலி தணிக்கும் டைக்ளோபினாக் மருந்தே நஞ்சு! மருந்து செலுத்திய சில நாளில் இறந்த மாட்டைத் தின்றால் கழுகின் சிறுநீரகம் பழுதாகும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெண்சுண்ணம்போலப் படியும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்கு 99-க்கும் மேல் மறைந்தன.

2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. மனிதருக்கென விற்ற பெரிய புட்டிகள் மாட்டுக் கொட்டிலை அடைந்தமையால், 2015-இல் அவற்றையும் ஒருவேளை அளவுக்குச் சுருக்கியது. மெலாக்சிகம் என்னும் மருந்தோ மாட்டின் வலியைத் தணிக்கும், கழுகைக் கொல்லாது.

மாட்டுக்கு நலந்தரும் மருந்து, அம்மாட்டைத் தின்னும் பறவையை என்செய்யும்? கொட்டிலுக்குச் செல்லுமுன் சோதித்தறிய வேண்டிய இதனை, கழுகுகள் மாண்டபின்னரே உலகம் அறிந்தது. நம்முள் மருத்துவமும் கால்நடையியலும் பயில்வோர் இக்கேள்வியை முதலிலேயே கேட்பாராக!