மழைநாளில் மரக்காணம்

நுழையும்முன்
உப்பு விளையும் ஊரில் மழை பெய்தால் என்ன நிகழும்? ஒளிப்படக் கருவியுடன் மழைநாளில் உப்பளத்தில் உலவுவோர் காண்பனவற்றையும் காணத் தவறுவனவற்றையும் இப்பாடம் பேசுகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி விரிந்து கிடக்கின்றன மரக்காணத்து உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆய்வாளர் பலர். கோடையில் இவ்வழியே செல்வோர் வெண்குவியல்களைக் கண்டதும் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பர். ஐப்பசி, கார்த்திகையில் நிற்போர் சிலரே. குவியல்கள் கீற்றுக்கும் தார்ப்பாய்க்கும் அடியில் மறைந்திருக்கும். பாத்தியும் வரப்பும் ஒரே நீர்ப்பரப்பாகத் தோன்றும்.

ஆயினும் ஒளிப்படக் கலைஞருக்கு அதுவே நல்ல நாள். கோடை வெயிலில் உப்பின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும்; படத்தில் நுண்விவரங்கள் அழிந்துபோகும். மேகம் மூடிய வானமோ ஒளியை மென்மையாகப் பரப்புகிறது. தேங்கிய நீரில் பனைகள் தலைகீழாகத் தெரிகின்றன. மழைத்தாரையைப் படம்பிடிப்பது மட்டும் அத்துணை எளிதன்று. வெளிறிய வானத்தின் முன் தாரை புலப்படாது. இருண்ட மரவரிசையோ கொட்டகையின் வாயிலோ பின்னணியில் இருத்தல் வேண்டும். 1/500 நொடியில் எடுத்தால் துளிகள் அந்தரத்தில் நிற்கும். 1/60 நொடியில் கோடுகளாக நீளும்.

மழைப்படங்களுள் உலகப் புகழ்பெற்ற ஒன்றை நியூசிலாந்துக் கலைஞர் பிரையன் பிரேக் 1960இல் கொல்கத்தாவில் எடுத்தார். முகத்தை வானுக்கு உயர்த்தி மழையை ஏற்கும் அப்பெண், பின்னாளில் நடிகையாகவும் இயக்குநராகவும் விளங்கிய அபர்ணா சென். அந்த மழை வானம் தந்ததன்று; மாடியில் பூவாளியால் ஊற்றப்பட்ட நீர். படத்தின் அழகு அதனால் குறைந்துவிடவில்லை. எனினும், மழை என்றாலே மகிழ்ச்சி என்னும் எண்ணத்தை அது வலுப்படுத்தியது. இரகுபீர் சிங் 1967இல் பீகாரின் முங்கேரில் எடுத்த படத்தில், அடைமழையில் நனைந்த பெண்கள் ஒருவரையொருவர் நெருங்கி ஒடுங்கி நிற்கின்றனர். அங்கே மழைக்கு எடை இருக்கிறது.

மரக்காணத்து மழைப்படத்திலோ பெரும்பாலும் மனிதரே இரார். அவர்கள் எங்கே சென்றனர் என்பதற்கு உப்பின் இயல்பே விடை தரும். பாத்தியில் பாய்ச்சிய உவர்நீர் வெயிலில் வற்றி, உப்பு படிகமாகத் திரளப் பல நாள் ஆகும். ஒரு லிட்டர் மழைநீரோ ஏறத்தாழ 350 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளும். பல நாள் உழைப்பைக் கரைக்க ஒரு மாலைநேர மழை போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உற்பத்தி நின்றுவிடும்; நாட்கூலியும் நின்றுவிடும். வேலையற்ற இக்காலத்திற்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. மூன்று மாதங்களுக்கு அத்தொகை எம்மட்டு? பலர் வேறு கூலிவேலை தேடிச் செல்கின்றனர். 2020இல் நிவர், 2024இல் ஃபெஞ்சல் எனப் புயல்கள் இக்கரையைத் தாக்கிய ஆண்டுகளில் துயர் இன்னும் மிகுதி.

இதே மழைதான் அருகிலுள்ள கழுவெளியை நிரப்பி வலசைப் பறவைகளுக்கு இடமளிக்கிறது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்வீரநிலம் 2024இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. படமெடுக்க வருவோரின் கருவிகள் இயல்பாகவே அப்பக்கம் திரும்பிவிடுகின்றன, அதில் குற்றமில்லை. ஆனால், உப்பளத்துக்குள் வரப்பின்மேல் நின்று பார்ப்பவருக்கு வேறு சிலவும் தென்படும்: நீருக்கடியில் கலங்கிய பாத்தித் தரை; அடுத்த பருவத்தில் சேறகற்றிச் சமன்செய்து, காலால் மிதித்து இறுக்கப்பட வேண்டிய தரை அது. கொட்டகைச் சுவரில் உப்பு வாரும் நீண்ட பலகை சாய்ந்திருக்கிறது. அதன் விளிம்பில் இன்னும் கரையாத வெண்கோடு ஒன்று. மழை விட்டு, தை பிறந்து, யாரேனும் வந்து எடுக்கும்வரை அது அங்கேயே இருக்கும்.