நாய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை

கந்தளாய், தம்பலகாமம், மூதூர் ஆகிய பகுதிகளின் வயல்களிலும், நிலாவெளி, குச்சவெளித் தோட்டங்களிலும் இராக்காவலுக்கு நாய் பெருந்துணையாகும். அதற்கு உண்ணிக் காய்ச்சல் கண்டால் மிருக வைத்தியர் ஒரே காலத்தில் இரண்டு மூன்று மருந்துகளைக் கொடுத்தல் வழக்கம். தனித்தனியே நன்மை தரும் மருந்துகளும் முறை தவறிச் சேருமிடத்துத் தீங்கு விளைவிக்கும். ஆதலின் கமக்காரர் கீழ்வரும் விதிகளைக் கைக்கொள்ளல் வேண்டும்.

1. நாய்க்கு முன்னர் கொடுத்த குளிசை, பூச்சிமருந்து, உண்ணிமருந்து, நாட்டு மருந்து யாவற்றையும் வைத்தியரிடம் கூறுக. பொதிகளையும் உடன் கொண்டு செல்க. மருந்தின் அளவு நாயின் நிறையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பின்னர் தனியே நின்று, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்க.

2. மெலொக்சிகாம் போன்ற நோவு மருந்தையும் பிரெட்னிசொலோனையும் ஒருசேரக் கொடுத்தலாகாது. இரண்டும் கூடினால் இரைப்பையிற் புண் உண்டாகிக் குருதி கசியும். நோவு மருந்துகள் இரண்டைச் சேர்த்தாலும் இக்கேடே விளையும். பிரெட்னிசொலோனைத் தாமாகத் திடீரென நிறுத்துவதும் தவறு.

3. வீட்டிலுள்ள பரசிற்றமோல், ஐபுபுரோபன், டைக்குளோபினாக் என்பவற்றை நாய்க்குக் கொடுக்க வேண்டாம். பரசிற்றமோல் நாயின் ஈரலையும் செங்குருதிக் கலங்களையும் கெடுக்கும்.

4. உண்ணிக் காய்ச்சலுக்குரிய டொக்சிசைக்கிளின் குளிசையைச் சிறிது சோற்றுடன் கொடுத்தால் வாந்தி குறையும். பாலும் இரும்புச்சத்து மருந்தும் அதன் பயனைக் குறைக்குமாதலால், அவற்றைக் கொடுப்பதாயின் இரண்டு மூன்று மணி நேரம் இடைவிடுக.

5. மாட்டு மருந்தை அளந்து நாய்க்கு ஊற்றலாகாது. 1 சதவீத ஐவர்மெக்ரின் 1 மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் உண்டு. இதயப்புழுவைத் தடுக்க 10 கிலோகிராம் நிறையுள்ள நாய்க்கு மாதமொன்றுக்கு வேண்டியதோ 0.06 மில்லிகிராம் மட்டுமே.

6. பயிருக்குரிய பூச்சிநாசினியை உண்ணி கொல்ல நாயின் மேற் பூசுதல் கொடிய தவறு. அது தோல் வழியாகவும், நாய் நக்குவதாலும் உடலிற் சேர்ந்து உயிரைப் போக்கும்.

7. மருந்து, அளவு, வேளை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுக. கொடுத்தவுடன் அடையாளமிடுக. இதனால் வீட்டார் இருவர் ஒரே மருந்தை இருமுறை கொடுப்பது தவிர்க்கப்படும். ஒரு வேளை தவறினால் மறுவேளை இரட்டித்துக் கொடுக்க வேண்டாம். நோய் தணிந்ததெனக் கருதி இடையில் நிறுத்தவும் வேண்டாம்.

வாந்தி, கறுத்த மலம், முரசு வெளிறல், நடுக்கம், தள்ளாட்டம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், அடுத்த வேளை மருந்தைக் கொடுக்குமுன் மிருக வைத்தியரைக் கேட்க.

எச்சரிக்கை: நாய் விழுங்க இயலாது வாய்நீர் வடித்தாலோ, குணம் மாறிக் காரணமின்றிக் கடிக்க வந்தாலோ, விசர் நோயாக இருக்கலாம். மருந்தூட்ட அதன் வாயிற் கையிடலாகாது. கடியோ எச்சிலோ பட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. காவல் நாயைக் காப்பதினும் வீட்டாரைக் காப்பதே முதற் கடமை.